சானடோரியம்: செல்லில் இருந்து உடல் வரை

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், முழு உடல் என்று படிப்படியாக அமைந்தது மனித உடல். காசநோயும் அதே படிகளில்தான் ஏறுகிறது. மூச்சுடன் போகும் கிருமியை நுரையீரலில் உள்ள காவல் செல் விழுங்கும். கிருமி சாகாமல் உள்ளேயே பெருகினால், மற்ற செல்கள் சூழ்ந்து சிறு முடிச்சு உண்டாகும். நோய் முற்றினால் திசு அழிந்து நுரையீரலில் குழி விழும். மூச்சு வாங்கும், உடம்பு இளைக்கும். எலும்புருக்கி என்று பெயர் வந்தது அதனால்தான்.

வைத்தியமோ மேல்படியில் இருந்து கீழே இறங்கி வந்தது. 1928-ல் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்று முழு உடலையும் தேற்றினார்கள். நோயாளி மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து இருக்க வேண்டும். 1952-ல் ஐசோநியாசிட் வந்தது. அது செல்லுக்குள் இருக்கும் கிருமியையும் கொல்லும். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கு குணமானார்கள் என்று 1959-ல் அதன் முடிவு வந்தது. அதற்குப் பிறகு, வைத்தியத்துக்காக வீட்டைப் பிரிய வேண்டிய கட்டாயம் பெரும்பாலோருக்கு இல்லாமல் போனது.

1993 முதல் தாம்பரம் மருத்துவமனையில் எச்.ஐ.வி. நோயாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். அந்த வைரஸ் அழிப்பது சிடி4 என்ற ஒரு வகை செல்லை. அது குறைந்தால், அடங்கிக் கிடந்த காசநோய் மறுபடி முதல் படியில் இருந்து ஏறத் தொடங்கும்.