சைக்கிள் சப்பாத்து வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது

சைக்கிள் ஓட்டத் தொடங்கி அரை மணி நேரத்திற்குள் கால்விரல்கள் மரத்துப்போவதும், பாதத்தின் முன்பகுதி எரிவதும் பலர் சொல்லும் குறை. வயதாகிவிட்டது என்று எண்ணிச் சிலர் சைக்கிளையே ஓரங்கட்டி விடுகின்றனர். பல வேளைகளில் இதற்குக் காரணம் வயதல்ல, பாதத்தை இரு பக்கமும் நெருக்கும் சப்பாத்துதான்.

ஏன் பொருந்துவதில்லை?

கடைகளில் உள்ள சைக்கிள் சப்பாத்துகள் பல, முன்புறம் ஒடுங்கியவை. அடிப்பாகம் நைலான் அல்லது கார்பனால் ஆனது என்பதால் வளைந்து கொடுக்காது. சாதாரணச் சப்பாத்தைப் போல் போட்டுப் போட்டு இளகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

செருப்பில்லாமல் நடந்து பழகியவர்களின் பாதம் அகன்றிருப்பதைத் தென்னிந்தியாவில் நடத்தப்பட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த தலைமுறையினருக்கு ஒடுங்கிய சப்பாத்து சேராததில் வியப்பில்லை.

அகலம் போதாதபோது ஒரு சைஸ் பெரியதாக வாங்குவது வழக்கம். ஐரோப்பிய அளவில் ஓர் எண் கூடினால் நீளம் ஏறக்குறைய 6.7 மில்லிமீட்டர் கூடும். அகலம் சிறிதளவே கூடும். விரல்களின் நெருக்கம் தீராது. அதோடு குதிகால் நழுவத் தொடங்கும்.

அளக்கும் முறை

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளப்பது நல்லது. காலுறையுடன் ஒரு தாளின் மேல் நேராக எழுந்து நின்று, இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் வரைய வேண்டும். நீளத்தையும், பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் இடையிலான அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். இரு பாதங்களும் ஒரே அளவில் இல்லாவிட்டால் பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்க வேண்டும்.

கடையில் சப்பாத்தின் உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன் மேல் நின்று பார்க்கலாம். பாதத்தின் ஓரம் அதைத் தாண்டி வழிந்தால் அந்தச் சப்பாத்து ஒடுக்கமானது. போட்டுப் பார்க்கும்போது விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும், குதிகால் மேலெழக்கூடாது.

அகலப் பாதத்திற்கென்றே சப்பாத்துகள் உண்டு. ஷிமானோ சில மாடல்களை 'வைட்' அளவிலும் தருகிறது. லேக் நிறுவனம் பல அகலங்களில் செய்கிறது. போன்ட் சப்பாத்துகளில் பலவற்றைச் சூடாக்கிப் பாதத்தின் வடிவுக்கு ஏற்பச் சரிசெய்யலாம். பெருவிரல் மூட்டு புடைத்தவர்களுக்கும் மேற்பாதம் உயர்ந்தவர்களுக்கும் கயிறு கட்டும் வகை உதவும். வலிக்கும் இடத்தில் உள்ள துளையை விட்டுவிட்டுக் கயிற்றைக் கோக்கலாம்.

சப்பாத்தைப் பெடலில் மாட்டும் கிளீட்டும் வலிக்குக் காரணமாகலாம். அதைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளிப் பொருத்தினால் முன்பாதத்தின் அழுத்தம் குறையும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனத்திற்கு

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீண்ட நாள் நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். சப்பாத்து கடித்தாலும் தெரியாது. வலிக்கவில்லை என்பதை வைத்து அது பொருந்துகிறது என்று முடிவு செய்யக்கூடாது. சிறு கொப்புளமும் ஆறாத புண்ணாகலாம். இவர்கள் வாங்கும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுவதும், ஓட்டி முடித்த ஒவ்வொரு முறையும் விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்ப்பதும் அவசியம். சிவந்த இடம் மறையாமல் இருந்தாலோ புண் தெரிந்தாலோ உடனே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.

எதுவும் பொருந்தாவிட்டாலும் சைக்கிளைக் கைவிட வேண்டியதில்லை. தட்டையான அகலப் பெடலும், அடிப்பாகம் சற்றுக் கெட்டியான, முன்புறம் அகன்ற சாதாரணச் சப்பாத்தும் இருந்தால் காலை ஓட்டத்திற்குத் தாராளமாகப் போதும்.