மாறுகண்ணும் மூக்குக்கண்ணாடியும்: ஒரு வரலாற்று நோக்கு

உடற்குறையை நோயெனக் கொள்ளாது விதியெனக் கொள்வது பண்டைய சமுதாயங்கள் பலவற்றின் இயல்பு. தமிழர் மாறுகண் என்றும் வாக்குக்கண் என்றும் வழங்கிய குறையும் இதற்கு விலக்கன்று. அதனை அதிர்ஷ்டத்தின் அடையாளமாகக் கொண்டோரும் உளர். ஆயினும், குழந்தையின் கண் மூக்கை நோக்கித் திரும்பும் மாறுகண்ணில் ஒருவகை கண்ணாடியினாலேயே சீராகத்தக்கது. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு அறியற்பாலது.

மாறுகண்ணுக்குக் காரணம் கண்ணை அசைக்கும் தசையே என மருத்துவர் நெடுங்காலம் எண்ணினர். 1839ஆம் ஆண்டிலே பெர்லின் நகரில் டீபென்பாக் என்னும் அறுவை மருத்துவர் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கண் தசையை வெட்டி மாறுகண்ணை நேராக்கினார். அம்முறை ஐரோப்பாவெங்கும் விரைந்து பரவியது. ஆனால் உள்நோக்கித் திரும்பியிருந்த கண், வெட்டியபின் வெளிநோக்கித் திரும்பிய நிகழ்ச்சிகளும் பல. நோயின் மூலத்தை அறியாது அதன் தோற்றத்தை மாத்திரம் திருத்த முனைந்ததன் விளைவு இது.

மூலத்தை விளக்கியவர் ஒல்லாந்து நாட்டு உட்றெக்ற் நகரப் பேராசிரியர் டொண்டர்ஸ் ஆவார். 1864இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், உள்நோக்கிய மாறுகண்ணுக்கும் நீள்பார்வைக்கும் உள்ள தொடர்பை நிறுவியது. நீள்பார்வையுடைய குழந்தை தெளிவாகக் காண்பதற்குக் கண்வில்லையை இடையறாது வருத்திக் குவிக்க வேண்டியுள்ளது. அம்முயற்சியோடு இரு கண்களும் உள்நோக்கித் திரும்புதல் இயற்கையாகவே பிணைந்துள்ளது. முயற்சி மிகும்போது ஒரு கண் அளவுக்கு மீறித் திரும்பிவிடுகின்றது. குவிவு வில்லை அம்முயற்சியைத் தானே ஏற்றுக்கொள்வதால் கண் நேராகின்றது. கோணலெனத் தோன்றியது, உண்மையில் காண்பதற்கான முயற்சியே என்பது டொண்டர்ஸ் தந்த தெளிவு.

1903ஆம் ஆண்டிலே கிளோட் வேத் என்னும் ஆங்கிலேய மருத்துவர் மாறுகண் பற்றித் தனிநூல் எழுதி, சிகிச்சையை இளமையிலேயே தொடங்குதல் வேண்டுமென வலியுறுத்தினார். அதே ஆண்டிலேதான் கொழும்பில் விக்டோரியா மகாராணியின் நினைவாகக் கண் வைத்தியசாலையொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எட்வேட் ஸ்கின்னர் வரைந்த அமைப்பில் எழுந்த அக்கட்டடம் 1906இல் திறக்கப்பட்டது. இன்றும் அது லிப்டன் சுற்றுவட்டத்தருகே நிற்கின்றது. கண் சிகிச்சை அப்பழைய கட்டடத்தை விட்டு நீங்கியபோதும், தேசிய கண் வைத்தியசாலை கொழும்பிலே அப்பணியைத் தொடர்கின்றது.

தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அவ்விடத்திலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளன. எனினும் வைத்தியசாலை அண்மையில் இருப்பது மாத்திரம் போதாது. இவ்வகை மாறுகண் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதளவில் தோன்றுவது. 'வளர வளர மாறிவிடும்' எனக் காத்திருக்கும் காலத்தில், இரட்டைக் காட்சியைத் தவிர்ப்பதற்காக மூளை திரும்பிய கண்ணின் காட்சியைப் புறக்கணிக்கப் பழகுகின்றது. குழந்தைக்கு நோவில்லை; முறைப்பாடுமில்லை. ஒரு கண்ணின் பார்வை ஓசையின்றி மங்குகின்றது.

கண்ணாடி பெற்றபின்னும் ஓர் ஐயம் எழுவதுண்டு. அணிந்திருக்கையில் நேராக நிற்கும் கண், கழற்றியவுடன் மீண்டும் திரும்புகின்றது. கண்ணாடியே கண்ணைக் கெடுத்தது எனப் பெற்றோர் அஞ்சி, அதனைப் பெட்டகத்துள் வைத்துவிடுதல் கூடும். உண்மையோ வேறு. கழற்றியதும் பழைய முயற்சி திரும்புகின்றது. கண்ணும் உடன் திரும்புகின்றது. கண்ணாடி தன் பணியைச் செய்கின்றது என்பதற்கு அதுவே சான்று. பெண்பிள்ளையின் அழகு குன்றுமென்றும் திருமணத்துக்குத் தடையாகுமென்றும் கண்ணாடியை மறுப்போர், முகத்தைக் காக்க எண்ணிப் பார்வையை இழப்பிக்கின்றனர்.

எல்லா மாறுகண்ணும் கண்ணாடியால் தீர்வதில்லை. சிலவற்றுக்கு நல்ல கண்ணை மறைத்து மங்கிய கண்ணைப் பயிற்றுதலும், சிலவற்றுக்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டப்படும். எது எவ்வகை என்பதை அற்றோப்பின் போன்ற மருந்திட்டுப் பரிசோதிக்கும் மருத்துவரே துணிதல் கூடும். உட்றெக்ற் நகரில் பிறந்த அறிவு கொழும்பை அடைந்து நெடுங்காலமாயிற்று. வைத்தியசாலைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலுள்ள சிறு தொலைவையும் அது கடத்தல் வேண்டும்.