பெட்டி உவர்மலையில், தங்கை கனடாவில்: வீட்டுச் சேமிப்புப் பெட்டியை வெளியிலிருந்து திறக்க முடியாதபோது

ஓர்ஸ் ஹில் எனப்படும் உவர்மலையில் எங்கள் வீட்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் இரண்டு வன்தட்டுகள் கொண்ட சேமிப்புப் பெட்டியொன்று இருக்கிறது. கடைகளில் இதை 'நாஸ்' என்பார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அம்மா பொலித்தீன் பையில் சுற்றிக் காத்த கடதாசிகளின் ஸ்கேன் பிரதிகள் அதற்குள் உள்ளன: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், காணாமல் ஆக்கப்பட்ட அண்ணாவுக்காகப் பொலிஸிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் ஆணைக்குழுக்களிலும் கொடுத்த முறைப்பாடுகள்.

போன மாதம் கனடாவிலுள்ள தங்கைக்கு அதில் ஒரு முறைப்பாட்டின் பிரதி அவசரமாகத் தேவைப்பட்டது. அவளால் பெட்டிக்குள் நுழையவே முடியவில்லை. மூன்று இரவுகள் மினக்கெட்டேன். அந்த அலைச்சல் மற்றவர்களுக்கும் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டு வைஃபையிலிருந்து பெட்டி திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் பெட்டியில் பிழையில்லை, பாதையில்தான் பிழை. அடுத்து வைஃபையை நிறுத்திவிட்டு, தொலைபேசியின் மொபைல் டேட்டாவில் முயலுங்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளி முகவரியை அழைத்தால் பல ரவுட்டர்கள் இணைப்பைத் திருப்பிவிடா. அதை நம்பி ஓர் இரவை வீணாக்கினேன்.

என் முதல் தவறு சின்னது. ரவுட்டரில் 22ஆம் போர்ட்டை 192.168.1.5 என்ற உள் முகவரிக்குத் திருப்பியிருந்தேன். கரண்ட் போய் வந்தபோது ரவுட்டர் பெட்டிக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. ரவுட்டர் அமைப்பில் பெட்டிக்கென ஒரே முகவரியை ஒதுக்கிவைத்தால் இது நடக்காது.

அதைத் திருத்தியும் பயனில்லை. உண்மையான காரணம் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இருந்தது: வெளிப்பக்க முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையான தொகுதி, இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டது. பழைய முறை முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான், போதவில்லை. அங்கே 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். உங்களைத் தேடிவரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தும் பலனில்லை.

இதற்கு வழி இரண்டு. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்கலாம். சில நிறுவனங்கள் மேலதிகக் கட்டணத்துக்குத் தரும். நான் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் பெட்டியிலும் தங்கையின் கணினியிலும் நிறுவினேன். இரண்டும் வெளியே சென்று ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். எந்தப் போர்ட்டும் திறக்கத் தேவையில்லை. அதன் அடிப்படையான வயர்கார்டை மட்டும் நிறுவினால், ஏதாவது ஒரு முனையிலாவது பொது முகவரி வேண்டும்.

பழைய எஃப்டிபி பாவிப்போருக்கு வேறொரு சிக்கல் வரும்: உள்நுழைய முடியும், கோப்புப் பட்டியல் மட்டும் வராது. எஃப்டிபி, தரவுக்கு இரண்டாவது இணைப்பொன்றைத் திறப்பதே காரணம். 'பாசிவ்' போர்ட்டுகளையும் திறந்தால் சரியாகும், ஆனால் செய்யாதீர்கள். கடவுச்சொல் மறைக்கப்படாமலே வழியில் போகும். எஸ்எஃப்டிபி ஒரே இணைப்பில், குறியாக்கத்தோடு வேலை செய்யும்.

பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவைப்பதும் ஆபத்து. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற நாசகார மென்பொருள் அப்படித் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டி, 0.03 பிட்கொயின் கப்பம் கேட்டது. முறைப்பாட்டுக் கடிதங்களில் சாட்சிகளின் பெயரும் விலாசமும் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். தங்கைக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்குக் கொடுத்தேன்.

இரண்டு வன்தட்டு இருப்பதால் இரண்டு பிரதி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும், உண்மைதான். பெட்டியே எரிந்தால், களவு போனால், யாராவது எடுத்துப் போனால் இரண்டும் போய்விடும். கடதாசியில் நாங்கள் இழந்ததெல்லாம் அப்படித்தான் போனது.

தங்கை இரவு பதினொன்றரைக்கு அந்த முறைப்பாட்டை இறக்கினாள். இப்போது முழுக் கோப்புறையும் அவளுடைய வன்தட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பதிவேற்ற வேகத்துக்கு இன்னும் இரண்டு இரவுகள் எடுக்கும்.