மீனுக்கு ஒரு முத்தம்

எங்க ஊர் தேவதானம். புதுசா யாராவது வந்தா ஒரு சொம்பு தண்ணி, "யார் வீட்டுக்கு வந்திருக்கீக?"ன்னு ஒரு கேள்வி. சடங்கு அவ்வளவுதான். ஆனா கனடாவோட கிழக்குக் கோடியில, நியூஃபவுண்ட்லாந்து தீவுல, வெளியூர்க்காரங்களுக்குப் பப்புல ஒரு பெரிய விளையாட்டே நடக்குது. பேரு 'ஸ்க்ரீச்-இன்'.

செயின்ட் ஜான்ஸ் நகரத்து ஜார்ஜ் தெருவுக்குப் போனா பார்க்கலாம். உங்களை நிக்க வெச்சு 'ஸ்க்ரீச்'ங்கிற ரம்மைக் குடிக்கச் சொல்வாங்க. வாய்க்குள்ள நுழையாத உள்ளூர்ப் பேச்சுல ஒரு வாழ்த்தைச் சொல்லணும். உங்க பாய்மரத்துக்கு என்னைக்கும் நல்ல காத்து கிடைக்கட்டும்ங்கிற மாதிரி அர்த்தம். அப்புறம் ஒரு காட் மீனுக்கு முத்தம். முடிஞ்சதும் சான்றிதழ்: நீங்களும் இனி இந்த ஊர்க்காரர்!

பார்த்தா நூத்தாண்டுப் பழக்கம்னு தோணும். ஆனா இது 1970-கள்ல பரவின வேடிக்கை. எங்களைக் கோமாளி ஆக்குறாங்கன்னு முகம் சுளிக்கிற உள்ளூர்க்காரங்களும் உண்டு.

ஆனா ரம்முக்கும் மீனுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. இங்கே உப்புப் போட்டுக் காயவெச்ச மீன்ல மட்டமான ரகம் கரீபியன் தீவுகளுக்குப் போனது, கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு உணவா. அங்கிருந்து ரம் வந்தது. அளவுக்கு மீறிப் பிடிச்சதுல மீன்வளம் அழிஞ்சு, 1992 ஜூலை 2-ல கனடா அரசு காட் மீன்பிடிக்குத் தடை போட்டுச்சு. சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. தடை விலகினது 2024-லதான். அந்த முத்தத்துக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

இப்போ நம்ம ஆளுங்க கதைக்கு வர்றேன். 1986 ஆகஸ்ட் 11. இதே தீவோட தெற்குக் கரைக்கு வெளியே, பனிமூட்டத்துல ரெண்டு உயிர்காப்புப் படகுகள். உள்ளே 155 இலங்கைத் தமிழர்கள். ஜெர்மனியில இருந்து ஏத்திட்டு வந்த கப்பல், நடுக்கடல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிடுச்சு. அவங்களைக் கண்டது கஸ் டால்டன்ங்கிற மீனவர். காப்பாத்தினதுல மத்த மீன்பிடிப் படகுகளுக்கும் பங்கு உண்டு.

இவங்களை உள்ளே விடக்கூடாதுன்னு கனடாவுல எதிர்ப்பும் கிளம்புச்சு. எங்கிருந்து கிளம்பினோம்னு அவங்க முதல்ல உண்மையைச் சொல்லலைங்கிறது கோபத்தைக் கூட்டுச்சு. ஆனாலும் அரசு தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்துச்சு.

கடல்ல அந்த மீனவர்கள் யார் என்ன ஊருன்னு விசாரிச்சுட்டுக் கை நீட்டலை. தவிச்சு நிக்கிறவனைப் படகுல ஏத்தணும், மத்ததெல்லாம் கரைக்கு வந்து பேசிக்கலாம். அது கடலோடிகளோட வழக்கம். பப்புல கொடுக்கிற சான்றிதழ் வேடிக்கைக்கு. அந்த ஊரை நான் மதிக்கிறது, சான்றிதழ் எதுவும் கேக்காத அந்த ஒரு நாளுக்காக.

அடுத்த எபிசோட்ல பேசுவோம்.