சர ஓட்டம்

சர ஓட்டம்: மூக்கின் ஒரு துளையில் மூச்சு தாராளமாகவும் மற்றதில் குறைவாகவும் ஓடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும் உடலியல்பு. மருத்துவத்தில் நாசிச் சுழற்சி எனப்படும். ஒரு நாளுக்குள் பலமுறை திரும்பிவரும் உடல் தாளங்களுள், மூக்கடியில் விரலை வைத்தே எவரும் அறியத்தக்கது இது.

தமிழ் மரபில்: இடநாசி மூச்சு இடகலை, வலநாசி மூச்சு பிங்கலை, இரண்டும் ஒத்து ஓடுவது சுழுமுனை. இவ்வறிவின் வரலாற்றில் மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் வட்டத்துத் திருவாவடுதுறைக்குத் தனி இடம் உண்டு. அவ்வூரில் அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து திருமூலர் திருமந்திரம் அருளினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்நூலின் மூன்றாம் தந்திரத்தில் உள்ள ‘வாரசரம்’ என்னும் பகுதி கிழமைக்கேற்ப மூச்சின் பக்கத்தை வகுக்கிறது: திங்கள், புதன், வெள்ளியில் இடம், ஞாயிறு, செவ்வாய், சனியில் வலம், வியாழனில் வளர்பிறையானால் இடம், தேய்பிறையானால் வலம்.

ஒரு நாளின் 60 நாழிகைக்கு 21,600 மூச்சு என்பதும் மரபுக் கணக்கு. அதன்படி நாழிகைக்கு 360, நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவதாக இன்றைய மருத்துவம் கொள்ளும் அளவுக்குள் இது அடங்குகிறது. தில்லைப் பொன்னம்பலத்தின் பொன் ஓடுகளும் 21,600 என்பர்.

அறிவியலில்: ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இச்சுழற்சியை விவரித்தார். நாசியின் உட்புறச் சளிச்சவ்வில் உள்ள இரத்த நாளங்கள் ஒரு பக்கம் நிரம்பிப் புடைக்க, மறுபக்கம் சுருங்குகின்றன. தானியங்கு நரம்பு மண்டலமே இதை நடத்துகிறது. கால அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலரிடம் சீரான மாற்றம் தென்படுவதில்லை. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க நாசி அடைபடும். பக்கம் மாறுவதை அளவீடுகள் உறுதி செய்கின்றன. கிழமைக்கும் மூச்சுக்கும் உள்ளதாகச் சொல்லப்படும் தொடர்பை அவை காட்டவில்லை. இரண்டையும் பிரித்து அறிவதே மரபுக்குச் செய்யும் மரியாதை.

பிற குறுந்தாளங்கள்: யூஜின் அசரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் 1953இல் கனவுத் தூக்கத்தின் கண்ணசைவுகளை அறிவித்தனர். தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாகச் செல்வது அதன்பின் தெளிவாயிற்று. கார்ட்டிசால் சுமார் மணிக்கு ஒருமுறையும் இன்சுலின் சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் அலையலையாகச் சுரக்கின்றன.

உடல்நலத்தில்: காற்று ஒரே பக்கம் ஓயாமல் ஓடினால் சளிச்சவ்வு உலரும், பக்கம் மாறுவதால் அது ஓய்வும் ஈரமும் பெறுகிறது. ஆகவே மாறி மாறி வரும் இலேசான மூக்கடைப்பு நோயன்று. அதற்கு அஞ்சி அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால், மருந்தாலேயே அடைப்பு முற்றும். எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தாலோ இரத்தம் கசிந்தாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.