ஜம்பையில் ஒரு மாணவர்

கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது தெரிந்த அம்மா ஒருவர் மகனோடு வந்தார். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு, பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறானாம். "ராஜா கதையப் படிச்சா இன்னா வேல குடுப்பாங்க சார்? நான் கூலிக்குப் போயி படிக்க வெக்கறேன்" என்றார். சிரித்து நகர்ந்துவிடக்கூடிய கேள்வி அல்ல. ஜம்பையைப் பற்றிச் சொன்னேன்.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று தெற்கத்தி அரசர்களைக் குறிப்பிடுகிறது. மற்றவர்களைத் தெரியும். சத்தியபுத்திரர் யார்? நூறாண்டுக்கு மேல் அறிஞர்கள் வாதாடினார்கள். கோசர் என்றார்கள் சிலர். அதியமான்கள் என்று சொன்னவர்களும் உண்டு. கையில் சான்றுதான் இல்லை.

1981இல் மாநிலத் தொல்லியல் துறையிடம் கல்வெட்டுப் பயிற்சி பெற்ற செல்வராஜ் என்ற மாணவர், திருக்கோவிலூர் வட்டாரத்தில் தென்பெண்ணைக் கரையிலுள்ள ஜம்பைக்குப் போனார். அங்கே குன்றின் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்கிறது அது. அவன் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்: 'சதியபுதோ'. அப்போது துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி அதை உலகறியச் செய்தார். ஔவையைப் போற்றிய தகடூர்க்காரன், அசோகர் சொன்ன மரபில் வந்தவன் என்று ஆயிற்று. அவன் கோவலூரை வென்றதைப் புறநானூறு பாடுகிறது. கல் கிடைத்ததும் அந்த வட்டாரத்தில்தான்.

ஆடு மேய்த்தவர்கள் எத்தனை பேர் அந்தக் குகையில் மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள்! கீறல்களை எழுத்தென்று காணப் பயிற்சி வேண்டும். பாட்டையும் கல்லையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். ஊகத்தையும் சான்றையும் பிரித்தறிய வேண்டும். வரலாற்றுப் படிப்பு தரும் முதல் பயன் இதுதான். நிலப் பத்திரம் படிக்கவும், வாட்ஸ்அப்பில் வரும் 'வரலாறு' உண்மையா என்று கேட்கவும் அதே புத்திதான் தேவை.

வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலைக்கு முயலலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், மேலே படித்துத் தொல்லியலுக்குப் போகலாம். எதற்கும் மூன்று வருடம் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

பையன் கேட்டான்: "அந்த ஊரு எங்க சார் கீது?"

"மணலூர்பேட்டை பக்கம்."

அம்மா முந்திக்கொண்டார். "அட, அங்க நம்ம சொந்தக்காரங்க கீறாங்கடா. ஒருநாள் போயி பாத்துட்டு வரலாம்."