சரித்திர விளையாட்டில் எக்குடியார்க்கு இடம்?

நம் சங்கத்து அன்பர் பலர்தம் இல்லங்களில் இந்நாளில் ஒரு காட்சியைக் காணலாம். இராச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் கணினியின்முன் அமர்ந்து, நகரம் நிறுவி, வயல் திருத்தி, படை திரட்டி, அயலரசரோடு போரும் சமாதானமும் நடத்திக்கொண்டிருப்பர். சென்ற மாதம் எம் பேரன் அங்ஙனம் இருந்தவன் எம்மை விளித்து, "தாத்தா, இங்கே வந்து பாருங்கள், நம்மவர் பெயரும் இதில் இருக்கிறது" என்றான். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு சென்று பார்த்தோம். மங்கோலியர், நார்மானியர், ஸ்பெயின் நாட்டார் என்று நின்ற வரிசையில் சோழர் என்னும் பெயரும் நின்றது. மகிழ்ந்தோம், அதனை மறைப்பானேன்? ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. உலகத்துக் குடிகள் எண்ணிறந்தனவாக, இவர் உள்ளே வருக, இவர் வாயிலில் நிற்க என்று வரிசை வகுப்போர் யாவர்? எவ்வளவுகோல் கொண்டு வகுக்கின்றனர்? தேடிக் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

இவ்வகை விளையாட்டுக்களுள் பெயர்பெற்றது 'சிவிலிசேஷன்' என்பது. சிட் மையர் என்பார் புரூஸ் ஷெல்லி என்பாரோடு கூடி இயற்றி 1991 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. அதன் முதற்பதிப்பில் இடம்பெற்ற குடிகள் 14. ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கு எகிப்தியரும் ஸூலுக்களுமாகிய இருவர். அமெரிக்கப் பழங்குடியார் அனைவர்க்கும் ஈடாக ஆஸ்டெக்கு மக்கள் மட்டுமே. பாரசீகர் இல்லை, அராபியர் இல்லை, ஜப்பானியரும் இல்லை. 1776 இல் தோன்றிய அமெரிக்க ஐக்கிய நாட்டாரோ கி.மு. 4000 இலேயே நகரங்காணப் புறப்படுவர்! பாரத நாட்டார்க்கு அதில் தலைவர் காந்தியடிகள். அவர் கணக்குப் பிழையொன்றால் அணுகுண்டு வீசும் அரசராயினார் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. அப்பிழை உண்மையன்று என்று மையரே 2020 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவிட்டார்.

ஒரு குடியைச் சேர்ப்பது எளிய செயலன்று. அதற்குத் தலைவர் ஒருவர் வேண்டும். அவர் முகம், குரல், உடை, நகரங்களின் பெயர்கள், தனிப்படை, தனிக்கட்டடம் யாவும் வேண்டும். ஒவ்வொன்றும் பொருட்செலவு. விலைகொடுத்து வாங்குவோர் எந்நாட்டில் மிகுதியோ அந்நாட்டாரை விடுத்தல் வணிகர்க்கு ஆகாது. இவையெல்லாம் வெளிப்படையான காரணங்கள். இவற்றினும் ஆழ்ந்தது மற்றொன்று. அவ்விளையாட்டுக்கு நகரமும், நில விரிவும், புதுக்கருவியும், போருமே தெரியும். இவற்றை நாடாது வாழ்ந்த குடியார் உள்ளே வரவேண்டுமாயின் இவற்றை நாடியவர்போல வேடம் புனைந்தே வரவேண்டும்.

இதற்குச் சான்று கிரீ என்னும் கனடாப் பழங்குடியாரின் தலைவர் பவுண்ட்மேக்கர். கிரீ மக்களுக்கும் பிளாக்ஃபுட் மக்களுக்கும் நெடும்பகை. அங்ஙனமாகவும் பிளாக்ஃபுட் தலைவராகிய குரோஃபுட், போரில் மாண்ட தம் மகனுக்கு ஈடாக 1873 இல் பவுண்ட்மேக்கரையே மகனாக ஏற்றார். 1876 இல் நிகழ்ந்த ஆறாம் உடன்படிக்கையின்போது, நிலத்தைக் கொள்ளும் அரசு தம்மவர்க்கு உழவு கற்பித்து உதவ வேண்டும் என்று வாதாடியவர் இவர். பின்னர்க் காட்டெருமைகள் அழிந்தன, பசி வந்தது. 1885 மே 2 ஆம் நாள் கர்னல் ஆட்டர் முந்நூற்றுக்கு மேற்பட்ட வீரருடன் கட் நைஃப் குன்றருகில் இவர்தம் பாசறையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். அவ்வாறு ஓடுவோரைத் துரத்திக் கொல்ல வேண்டா என்று தம் வீரரைத் தடுத்தவர் பவுண்ட்மேக்கர். அதற்குக் கிடைத்த பரிசு இராஜத்துரோகக் குற்றமும் சிறையுமாம். சிறையில் உடல் நலிந்து, விடுதலைபெற்ற சில திங்களில் 1886 ஜூலையில், வளர்ப்புத் தந்தையைக் காணச் சென்ற இடத்தில் உயிர் நீத்தார். கனடா நாட்டுப் பிரதமர் அவரைக் குற்றமற்றவர் எனச் சாற்றி மன்னிப்புக் கேட்டது 2019 மே மாதத்தில். 133 ஆண்டு கழித்து.

அம்மன்னிப்புக்கு ஓராண்டு முன்னரே, 2018 இல், இவர் 'சிவிலிசேஷன்' ஆறாம் பதிப்பின் விரிவில் கிரீ மக்களின் தலைவராகச் சேர்க்கப்பெற்றார். இயற்றியோர் நல்லெண்ணத்தோடுதான் செய்தனர்; நட்புறவும் வாணிகமும் அவர்க்குரிய சிறப்பாக அமைத்தனர். அவர் பெயரால் வழங்கும் குடியிருப்பினரும் முதலில் மகிழவே செய்தனர். பிறகு அக்குடியின் தலைவருள் ஒருவர் வெளிப்படையாக வருந்தினார். பிறரை வென்று அவர்தம் நிலத்தைக் கைக்கொள்ளும் நோக்கம் வந்தேறிகட்குரியது. அதனையே எம் முன்னோரும் கொண்டிருந்தனர் என்ற பொய்யை இவ்விளையாட்டு நிலைநாட்டுகிறது என்பது அவர்தம் முறையீடு. நிலத்தை இழந்து மாண்ட ஒருவரை நிலம் பிடிக்கும் பந்தயத்தில் ஓடவிட்டால், எவ்வளவு அழகாகத் தீட்டினும் அது அவர் முகமாகுமா?

நிற்க. வரமாட்டோம் என்று மறுத்த குடியாரும் உண்டு. 1680 இல் போப்பே என்பார் பியூப்லோ மக்களை ஒன்றுகூட்டி, ஸ்பெயின் ஆட்சியைச் சாந்தா ஃபே நகரினின்று துரத்தினார். 2013 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விரிவில் அவரைச் சேர்க்கக் கருதிய கம்பெனியார், பியூப்லோத் தலைவர்களை முன்னரே கலந்தனர். அவர்கள் போப்பேயை அங்ஙனம் காட்டுதல் தகாது என்று தடுத்தனர். கம்பெனியாரும் அதற்கிணங்கி, ஷோஷோனி மக்களை அவ்விடத்தில் சேர்த்தனர். பட்டியலில் இடம் கொடுக்க வந்தபோது வேண்டா என்று சொல்லும் உள்ளம் எத்துணைபேர்க்கு வாய்க்கும்? 1901 ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் ரிஸ்லி துரை ஜாதிகளை மேல்கீழாக வரிசைப்படுத்தப் புகுந்தபோது நாடெங்கும் விண்ணப்பங்கள் குவிந்தன. வரிசை வகுக்க இவர் யார் என்று கேட்டவரினும், எமக்கு ஒரு படி மேலே இடம் வேண்டும் என்று கேட்டவரே பலர். நம்போன்ற சங்கங்கள் பல எழுந்த காலமும் அதுவே என்பதை அன்பர்கள் அறிவர்.

ஷானி மக்கள் மூன்றாவது வழியைக் கண்டனர். 1813 இல் போர்க்களத்தில் வீழ்ந்த தெக்கும்சே என்னும் தம் பெருந்தலைவரை ஏழாம் பதிப்பில் சேர்க்க முற்பட்டபோது, ஷானித் தலைவர் பென் பார்ன்ஸ் முதலியோர் உடனிருந்து, மொழி முதலியவற்றைத் தாமே திருத்தியமைத்தனர். பேசுவோர் மிகக் குறைந்துவிட்ட அம்மொழியில் நூலகம், பல்கலைக்கழகம் என்பனவற்றை எவ்வாறு வழங்குவது என்னும் வினாவும் அதனால் எழுந்தது. கலைச்சொல்லுக்காக அறிஞர் பலர் உழைத்த தமிழ்நாட்டார்க்கு இதன் அருமை விளங்கும்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் மற்றொரு விளையாட்டின் இரண்டாம் பகுதி 1999 இல் வெளிவந்தபோது, அதிற்கண்ட 13 குடிகளுள் பாரத நாட்டார் ஒருவரும் இலர். 2013 இல் 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் அனைவரும் புகுந்தனர். அவர்க்குச் சிறந்த படை ஒட்டகப் படை! தஞ்சையில் ஒட்டகப் படை கண்டார் யார்? 2022 இல் வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என்று பிரித்தனர். திராவிடர்க்கு மரக்கலமும் சுருள்வாளும் உரியன, குதிரைப்படையோ வலிகுன்றியது. இது பொருத்தமே. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கின்றது; பாண்டிநாட்டார் ஆண்டுதோறும் குதிரைக்குப் பெரும்பொருள் இறைத்ததை மார்க்கோ போலோவும் எழுதினார்.

2025 பெப்ருவரியில் வெளிவந்த 'சிவிலிசேஷன்' ஏழாம் பதிப்பில் எம் பேரன் காட்டிய சோழரைப் பற்றி யாம் எதிர்பார்த்தது கடாரங்கொண்ட வெற்றி ஒன்றே. கலம் என்னும் கப்பலும் அங்கு இருக்கவே செய்தது. ஆனால் சோழர்க்குரிய தனிக்கட்டடங்களாக அவன் வாசித்த பெயர்கள் எம்மைத் திடுக்கிடச் செய்தன: அஞ்சுவண்ணம், மணிக்கிராமம், இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர். எம் பள்ளிப் புத்தகத்தில் யாம் காணாத வணிகக் குழுக்களின் பெயர்கள் இவை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கி.பி. 849 இல், முதலிரண்டும் உள்ளன. சுமத்திராவின் பாரூஸ் நகரில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் உளர். அரசர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யாரோ ஒருவர் கல்வெட்டையும் புரட்டியிருக்கின்றார்.

"மணிக்கிராமம் என்றால் என்ன, தாத்தா?" என்று அவன் கேட்டான். சயாம் நாட்டுத் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டென்றும், அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் விட்ட செய்தி அதில் உள்ளதென்றும் கூறினோம். குளத்தை வெட்டினால் இவ்விளையாட்டில் எத்தனை மதிப்பெண் என்று உடனே கேட்டான். சோழர்க்குரிய தனிக்கட்டடங்களுள் குளம் இல்லை என்பதைப் பிறகு அவனே தேடிப் பார்த்துச் சொன்னான்.